பிள்ளை இல்லை

செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

ஆவண அறைக் காப்பாளர் பழைய ஏட்டைத் திறந்து, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். தையல்காரி படித்தாள்.

‘எட்டாம் எண் வீடு. துரை வீட்டு ஆயா. கைம்பெண். பிள்ளை இல்லை.’

நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன், வெள்ளைக்காரத் துரைத்தனத்து எழுத்தர் ஒருவர் வீடு வீடாகப் போய் எழுதிய ஏடு அது. ஆயாவின் பெயரைக் கேட்கவேண்டும் என்றுகூட அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆயாதான் உன் கொள்ளுப்பாட்டி என்று தையல்காரியின் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது தையல்காரி குடியிருக்கும் அந்த எட்டாம் எண் வீடு ஆயாவின் வாரிசுக்கு. வாரிசு இல்லையென்றால் ஆயாவுடைய தம்பியின் வம்சத்துக்கு. துரை எழுதிவைத்த பத்திரம் அப்படி. அந்தத் தம்பியின் கொள்ளுப்பேரன், அவளுக்கு அத்தான் முறை, மேஜைக்கு அந்தப் பக்கம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். மூன்று மணிக்கு விசாரணை அதிகாரி முன் இந்தப் பக்கத்தின் நகல் போகவேண்டும். போய்விட்டால், பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை எந்த வாசலுக்கு அழைத்துப்போவது?

“உன் பாட்டியை யாரோ எங்கிருந்தோ எடுத்து வளர்த்திருக்காங்க,” என்றார் அத்தான், இதமாக. “நீ அந்த வீட்டு ரத்தமே இல்லம்மா.”

வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது. அப்படியென்றால் அம்மா யார், தான் யார்? பக்கத்து வீட்டு அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

10.50.

வந்தவள் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள். பெயர் வேறு, ஊரெல்லாம் அவளைக் கால்புள்ளி என்றுதான் கூப்பிடும். ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் ஆளைப் பிடித்து நிறுத்திவிடுவாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இந்த ஏட்டைச் சமீபத்துல யாரெல்லாம் தொட்டாங்க?”

“மூணே பேர்,” என்றார் காப்பாளர். “நான். கிழிசல் ஒட்டுற பையன், பசைன்னு கூப்பிடுவோம். போன வியாழக்கிழமை இவர்.”

“இவரைத் தனியா விட்டுட்டுப் போனீங்களா?”

காப்பாளர் காதைச் சொறிந்தார். “டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம்.”

“பத்தா?”

“அரை மணி.”

அத்தான் அசரவில்லை. வந்தது உண்மை, பார்த்தது உண்மை, அப்போதே இப்படித்தான் இருந்தது என்றார்.

பின்னறையிலிருந்து பசை வந்தான். சட்டைப்பையில் பிளேடு, விரல் நுனியெல்லாம் மை. தையல்காரிக்குத் திக்கென்றது. காசு கொடுத்து அத்தான் இவனை வைத்தே ஏட்டைத் திருத்திவிட்டாரோ? கால்புள்ளியோ அவன் பையைப் பார்க்கவே இல்லை. ஏட்டில் அவன் செருகி வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தாள்: ‘மூலை ஒட்டியது.’

“நீ எழுதினதா?”

“ஆமாக்கா. ஏட்டுல இருக்கிற மாதிரியே எழுதிப் பழகிப்போச்சு.”

அடுத்து, வருகைப் புத்தகத்தைக் கேட்டாள். மேலே காப்பாளர் எழுதிய தலைப்பு: ‘வந்த வேலை’. வியாழக்கிழமை வரியில் அத்தானின் அழகான எழுத்து: ‘வீட்டு வேலையாக ஏடு பார்க்க.’

11.30.

“இந்த வரியை ஒரே ஆள் எழுதல,” என்றாள் கால்புள்ளி.

காப்பாளர் குனிந்தார். மை ஒன்றுதான், சாய்வும் ஒன்றுதான் என்றார்.

“‘பிள்ளை’யைப் பாருங்க. அந்த ‘ளை’க்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கா? அந்தக் காலத்துல லை, ளை எல்லாத்துக்கும் அப்படித்தான். நான் சின்ன வகுப்புல படிக்கும்போதுதான் தும்பிக்கையை வெட்டினாங்க. இப்ப பக்கத்துல ‘இல்லை’யைப் பாருங்க. தும்பிக்கை எங்க? பிள்ளைன்னு எழுதின மனுஷன், அடுத்த வார்த்தைக்குள்ள அறுபது வருஷம் தாண்டிட்டாரா?”

அவள் சீட்டையும் வருகைப் புத்தகத்தையும் ஏட்டின் பக்கத்தில் வைத்தாள். காப்பாளரின் ‘வேலை’யில் தும்பிக்கை இருந்தது. பசையின் ‘மூலை’யிலும் இருந்தது. அத்தானின் ‘வேலை’யில் மட்டும் இல்லை.

“இப்ப எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க,” என்றார் அத்தான்.

“எல்லாரும் எழுதட்டும். இந்த ஏட்டைத் தொட்ட மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான்.”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வியாழனிலிருந்து செவ்வாய்வரை, ஆறே நாள்தான் தாங்கியது.

தையல்காரியின் பயம் மட்டும் விடவில்லை. பழைய சொல்லைச் சுரண்டிவிட்டு ‘இல்லை’ எழுதியது சரி, சுரண்டிய இடத்தில் முன்னால் என்ன இருந்தது? காப்பாளர் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“தாள் இங்க மெலிஞ்சிருக்கு,” என்றார் அவர். “பேனா அழுத்தின தடம் கொஞ்சம் தெரியுது. ‘பெ’... ‘பெண்’... ‘பெண் ஒன்று.’”

பிள்ளை, பெண் ஒன்று. அவளுடைய பாட்டி. அம்மா பொய் சொல்லவில்லை. தையல்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காப்பாளர் போலீசுக்குப் போன் செய்யத் திரும்பினார். அத்தானின் இதமெல்லாம் எங்கோ போய்விட்டது. “பேருகூட இல்லாத ஒரு ஆயாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று சீறினார்.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“பேருதான் இல்ல அத்தான். பிள்ளை இருக்கு.”