பாலத்துக் கதவு

காலையில் அவசரத்தில் கசக்கித்தான், தூசி வராமலிருக்க, ஒரு பழைய துணியைப் பாலத்துக் கதவிடுக்கில் திணித்துவிட்டுப் போயிருந்தாள் மயாசா. மாலையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து திரும்பி மாடியேறி வந்தபோது அது நாலாய் மடித்துக் கதவோரமாக வைக்கப்பட்டிருந்தது, ஒரு வாரமாக வீடெங்கும் அடைத்துக் கிடந்த சுண்ணாம்புத் தூசி நாற்றம் போய்ச் சாம்பிராணி மணத்தது.

மகள் திமாதான் மடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பிறந்த ஆறு வருஷத்தில் திமா எதையும் மடித்து வைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அதை யோசிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மொம்பாசாவின் பழைய தெருக்களில் பெண்கள் வீதியில் இறங்காமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர, தெருவுக்கு மேலே பாலம்போல ஓர் அறை கட்டி இரண்டு மாடிகளையும் சேர்த்திருப்பார்கள். எதிர்வீட்டு ஜுவேனா பாட்டி மாலைத் தொழுகை முடிந்ததும் அந்த வழியாகத்தான் சாம்பிராணி மணக்க வருவாள். கதவைத் தட்டி, "ஹோடி", உள்ளே வரலாமா, என்பாள். உள்ளேயிருந்து "கரிபு", வாங்க, என்று குரல் வந்தால்தான் காலடி எடுத்து வைப்பாள். பிறகு திமாவை உட்காரவைத்துத் தலை பின்னுவாள்.

மழைக்காலத்தில் பாட்டி இறந்துபோனாள். மகன்கள் வீட்டை விற்றார்கள். பவளக்கல் சுவர்கள் போன வாரம் பாலத்தோடு சேர்ந்து சரிந்தன. பத்து மாடி எழும்பப் போகிறதாம். இப்போது கதவைத் திறந்தால் வெறும் ஆகாயம். கீழே, தெருவில் பாதியைத் தின்றுவிட்ட பள்ளம். அதில் நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பிகள்.

"அக்கா! அந்தக் கதவுக்கு ஆணி அடிங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" மண்வாரி இயந்திரம் ஓட்டும் கசுங்கு கீழேயிருந்து கத்தினான். "ஒரு நாள் என் சோத்துத் தட்டுல வந்து விழப்போறீங்க!"

"தட்டுல மீன் இருந்தா சொல்லு, வர்றேன்," என்றாள் ஜன்னல் வழியாக. "நாளைக்கு அடிக்கிறேண்டா."

நேற்றும் இதையேதான் சொன்னாள். அலுப்பாக இருந்தது. இந்த வீட்டையும் கேட்டு வருகிறவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

இயந்திரம் நின்றது. பாங்கு ஒலித்து ஓய்ந்தது. மின்சாரமும் போனது. பின்கட்டில் விளக்கை ஏற்றிவைத்து, நாளெல்லாம் ஈரப் போர்வைகளைப் பிழிந்து மரத்துப்போன கைகளால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவியின் கரகரப்பைத் தவிர வீட்டில் சத்தமே இல்லை.

தட்டும் ஓசை.

"ஹோடி."

"கரிபு," என்றாள் மயாசா, தலை நிமிராமல்.

கை இன்னும் இரண்டு தரம் துருவியது. பிறகு நின்றது.

அந்தக் குரல். அந்தக் கதவு.

முன்னறையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம். சின்னக் கால்கள் ஓடும் சத்தம்.

"திமா!"

விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவு விரியத் திறந்திருந்தது. கடற்காற்று வரவில்லை. சாம்பிராணிப் புகைதான் வந்தது.

அப்பால் பாலத்து அறை. இடிந்த அதே அறை. பாய். மாடவிளக்கு. பாயில் முதுகைக் காட்டித் திமா. அவளுக்குப் பின்னால் ஜுவேனா பாட்டி, முடியை வகிர்ந்துகொண்டு. விரல் நகமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு.

மயாசா வாசற்படியில் காலைத் தூக்கினாள். கீழே பார்த்தாள். பாய்க்கு அடியில் தரை இல்லை. வெகு ஆழத்தில் கம்பிகள், நெட்டுக்குத்தாக.

கீழே பள்ளத்தோரம் சோறு தின்றுகொண்டிருந்த கசுங்கு அலறினான். "அக்கா! பிள்ளை! பிள்ளை அந்தரத்துல!"

"திமா," என்றாள். "அசையாதே கண்ணு. அம்மாகிட்ட மட்டும்... அசையாதே."

"இருங்கம்மா," என்றாள் திமா திரும்பாமலே. "கடைசிப் பின்னல்தான் பாக்கி."

ஜுவேனா பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். பழைய சிரிப்பு. பாயில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"கரிபு."