பதினோரு படிகள்

சுவரில் மாட்டிய படம் ஒன்று வியர்த்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பிளம்ஸ் பழுக்கும் காலத்து மழை சீனத்து மலையடி ஊரான துன்ஷியில் பதினெட்டாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்ததால், அரிசி மூட்டை முதல் தலையணை வரை எல்லாம்தான் ஈரமாகக் கிடக்கிறது என்று வெய்ஷின் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் வீடு முழுக்கப் பூஞ்சை நாற்றம் அடிக்க, அந்தப் படத்திலிருந்து மட்டும் நனைந்த பைன் மர வாசம் வந்தது.

அவள் கணவன் கோங் யான் கடைசியாக வரைந்த படம். கூரையடியிலிருந்து தரைவரை தொங்கும் நீளக் காகிதம். பழைய ஓவியர்களின் மலையேதான். உச்சியில் மட்டும் ஒரு கேபிள் கார் கோபுரம். நடுவில் மை படாத வெற்றுக் காகிதம், அதுதான் பனிமூட்டம். அதிலிருந்து பதினோரு கல்படிகள் கீழே இறங்கும். வரைந்து முடித்த மறுவாரம் மலைக்குப் போனவன் திரும்பவில்லை. நாற்பது நாள். தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"படத்து மலை மேலயே கரண்டு கம்பம் நட்ட மனுஷன், கீழ வர வழி தெரியாமலா போயிடும்? மொதல்ல நீ சாப்பிடு," என்று பக்கத்து வீட்டு ஃபாங் அக்கா மூங்கில் குருத்து சூப்பை வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு வயது மகள் மியான்மியான் படத்தின் முன்னால் குந்தியிருந்தாள்.

"அம்மா, எட்டுப் படிதான் இருக்கு."

"ஒழுங்கா எண்ணுடி."

"எண்ணிட்டேன். படி இல்லாம எப்படி வர்றதுன்னு அப்பா கேக்குறாரு."

வெய்ஷின் எண்ணினாள். எட்டு. இந்தக் காகிதத்தில் இறங்கிய மையைக் கழுவவும் முடியாது, சுரண்டவும் முடியாது. இருபது வருடம் தூரிகை பிடித்தவளுக்கு அது தெரியும். படத்தில் காதை வைத்துக் கேட்டாள். மழைக்கும் அப்பால், வெகு தூரத்தில், யாரோ சரளைக் கல்லில் காலால் துழாவித் துழாவித் தேடும் சத்தம்.

"வெள்ளைய மட்டும் தொடாத. அது காலி எடம் இல்ல," என்று கோங் யான் எப்போதும் சொல்வான்.

இன்று யார் கேட்பது? மையை அரைத்தாள். வெள்ளையின் மேலேயே வரைந்தாள். ஒன்பது. பத்து. பதினொன்று. அதோடும் நிறுத்தாமல், காகிதத்தின் அடிவிளிம்புவரை, வீட்டுத் தரையைத் தொடும்வரை படிகளை இறக்கினாள். சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மை தீர்ந்தது. மறுபடி அரைக்கத் தண்ணீர் பிடிக்க அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணே தெரியலையாம். நான் போய்க் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்."

"சரி சரி," என்றாள், குழாய்ச் சத்தத்தில், யோசிக்காமல்.

குழாயை மூடினாள்.

அமைதி.

"மியான்மியான்?"

படத்தின் அடியில் இரண்டு குட்டிச் செருப்புகள். படிகள் ஆறு.

ஐந்து.

தூரிகையை எடுத்தாள். வரைந்தாள். காகிதம் குடித்தது. வரைந்தாள். வெளுத்தது.

உள்ளே, வெகு உயரத்தில், "அம்மா, காலு வைக்க எடமில்ல."

மூன்று.

வரைந்தாள்.

மறுநாள் காலை மழை நின்றிருந்தது. கிண்ணத்தை வாங்கிப் போக ஃபாங் அக்கா வந்தாள். சூப் தொடாமல் இருந்தது. செருப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. காகிதத்தில் படி இல்லை, கோபுரம் இல்லை, மலையும் இல்லை. வெய்ஷின் அதன்முன் மண்டியிட்டுப் படி வரைந்துகொண்டிருந்தாள்.