நாற்பத்தொரு சிவப்பு விளக்குகள்

வெள்ளகோவில் சந்தைத் திடலில் அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபது வண்டிகளில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது விளக்குகள் நிஜம். நாற்பத்தொன்று ஆறுச்சாமி செய்த பொய். அந்த நாற்பத்தோராவது வண்டிக்குள் ஆறுச்சாமியே அடைபட்டிருந்தார்.

மணி பதினொன்றரை. வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. உள்ளே எவ்வளவு என்று காட்டும் கருவி பத்து நிமிடத்துக்கு முன்பே உயிரை விட்டிருந்தது.

பிடிப்பூச்சு வந்து ஆறு வருடம் ஆகிறது. வண்டிக்கு அடிக்கிற வண்ணம்தான். ஆனால் அதற்குக் கைகளை அடையாளம் தெரியும். உடையவரின் உள்ளங்கையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். வேறு யாராவது தொட்டால் ஒரு நொடியில் இளகி, மறு நொடியில் இறுகி, கையைப் பிடித்துக்கொள்ளும். போலீஸ் நிலையத்தில் உள்ள விடுப்பு நீரைத் தெளித்தால்தான் விடும். பொறுமையில்லாமல் இழுத்தவர்களின் தோல் வண்டியிலேயே தங்கிவிட்டது. தாராபுரத்தில் ஒரு திருடன் ஒட்டிய கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடி, கதவோடேயே தங்கை கல்யாணத்துக்குப் போய், இடது கையால் மொய் எழுதினான். கல்யாணப் படத்தில் கதவும் இருக்கிறது.

பூச்சு விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம், வண்டியின் நெற்றியில் மினுங்கும் சிவப்பு விளக்கு. பூச்சுக்கு வண்டியின் பாதி விலை ஆகும். விளக்கு மட்டும் போதாதா என்று மின்கடை ஆறுச்சாமிக்குத் தோன்றியது. தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, ஒரு சிவப்பு பல்பு, நொடிக்கு இரண்டு தடவை மினுக்கும் சில்லு, மேலே வெயிலில் ஓடும் ஒரு தகடு. வேலை முடிந்தது. வாங்க வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்:

"உங்களுக்கு மட்டுந்தானுங் குடுக்கறேன். வெளிய மூச்சு விட்றாதீங்க. என்ற வண்டியிலயே இதத்தான் மாட்டியிருக்கறேன்."

நாற்பது பேரிடமும் இதையேதான் சொன்னார். நாற்பது பேரும் மூச்சு விடவில்லை.

விளக்கு வேலை செய்கிறது என்பதற்கு அவரிடம் ஒரு நடமாடும் சான்றிதழும் இருந்தது. கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு காலிப் பை. வாராவாரம் சந்தைக்கு வந்து ஒரு கத்தரிக்காய்கூட வாங்காமல், வண்டிகளின் பூட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஆசாமி. சிவப்பு விளக்கைக் கண்டதும் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். அதைப் பார்க்கிற நாளெல்லாம் ஆறுச்சாமிக்கு நல்ல காப்பி குடித்த மாதிரி இருக்கும்.

விளக்கைப் பொருத்தத் துளை போட்டபோதுதான் தவறு நடந்தது. திருகாணி பூட்டின் கம்பியை உரசிக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று மாதம் உரசி, இன்று காலை அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியதும், கம்பி கருகியது. நான்கு கதவுகளும் இறுகிக்கொண்டன. போன் டீக்கடையில் சார்ஜில் கிடந்தது. இந்தக் காலத்து வண்டிக் கண்ணாடி கல்லுக்கும் சுத்தியலுக்கும் அசையாது, சத்தத்தையும் விடாது. வெளியே மாட்டிய விளக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏற ஏற இன்னும் பளிச்சென்று மினுங்கியது.

வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எல்லாரும் இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சுங். பூச்சு வண்டின்னா போலீசு விடுப்புத் தண்ணியோட வரோணுமாம். ஒண்ணே கால் மணி நேரம் ஆகுமாமா," என்றார் தேங்காய் வியாபாரி செங்கோடன். அவருடைய புது லாரி நான்கு வண்டி தள்ளி நின்றது. வியாழக்கிழமைதான் வந்தது, இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை.

"அதுக்குள்ள மனுசன் வெந்துருவாருங்க மாமா," என்றாள் முட்டை விற்கும் பாப்பாத்தி.

"என்ன அம்மிணி பண்றது? கைய வெச்சா கையில்ல போயிரும்."

இருவர் வண்டியிலும் மினுங்கியது ஆறுச்சாமியின் விளக்கு. கதவைப் பிடித்து நெம்பினால் கைக்கு ஒன்றும் ஆகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேர் நடுவில் கை ஒட்டாமல் போனால், இந்த விளக்கு பொய் என்று ஊருக்குத் தெரியும். அடுத்து யார் யார் விளக்கு பொய் என்று தேடுவார்கள். ஆகவே செங்கோடன் கைகளைக் கட்டிக்கொண்டார். பாப்பாத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் இப்படிக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் நாற்பது பேர்.

ஆறுச்சாமி உள்ளிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் அவருடைய ஆட்கள். பார்வை பட்டதும் ஒவ்வொருவராக வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை.

கட்டம் போட்ட சட்டையும் கூட்டத்தில் நின்றது. அதனால்தான் ஆறுச்சாமி இதுவரை ஒரு சைகையும் காட்டவில்லை. இவன் முன்னால் உண்மையைக் காட்டினால் நாற்பது வண்டி போச்சு. காட்டாவிட்டால் உயிர் போச்சு. கண்ணாடியை இரண்டு காலாலும் உதைத்தார். மூன்றாவது உதைக்குக் கால் எழவில்லை. சட்டை நனைந்து, பிறகு உடம்பில் நனைக்க வேர்வை இல்லாமல் காய்ந்து போயிருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. போகட்டும் என்று முடிவு செய்தார். விளக்கைச் சுட்டிக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். இன்னொரு தடவையும் ஆட்டினார்.

"என்னமோ சொல்றாருங்," என்றது ஒரு குரல்.

செங்கோடன் தொண்டையைச் செருமினார். "வெளக்கு எரியுது, யாரும் தொட்றாதீங்கன்னு சொல்றாரு. நல்ல மனுசன்."

பாப்பாத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ஆறுச்சாமியின் தலை இருக்கையில் சரிந்தது.

அப்போதுதான் கட்டம் போட்ட சட்டைக்காரன் முன்னால் வந்தான். "சாகற நேரத்துலயும் நம்ம கைக்குப் பயப்படறாரு பாருங்," என்றான். அந்தத் திடலில் விளக்கை மனதார நம்பியவன் அவன். காலிப் பையிலிருந்து ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை எடுத்தான்.

"வேண்டாம் தம்பி, ஒட்டிக்கும்," என்றார் செங்கோடன் அவசரமாக.

"போனாத் தோலுதானுங்களே போகுது."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையைக் கதவில் பதித்து அழுத்தினான். பட்டையைக் கண்ணாடி இடுக்கில் விட்டு ஒரு திருப்பு. நான்கு விநாடியில் பூட்டு விட்டது. இந்த வித்தை இவனுக்கு எப்படித் தெரியும் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கதவு திறந்து, ஆறுச்சாமி அடுப்பிலிருந்து எடுத்த பானை போலச் சரிந்து அவன் காலடியில் விழுந்தார்.

நான்கு பேர் ஓடிவந்து அவரைப் புளியமர நிழலுக்கு இழுத்தார்கள். இழுபடும்போது ஆறுச்சாமி அரைக்கண்ணால் ஒன்றைப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை கதவிலிருந்து கையை எடுத்தது. கை சுலபமாக வந்தது. அவன் உள்ளங்கையைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். பிறகு, திடல் முழுக்க மினுங்கும் விளக்குகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகப் பார்த்தான்.

கையை மறுபடி கதவில் வைத்தான்.

"ஐயோ, புடிச்சுக்கிச்சுங்," என்று அலறினான். "எரியுதுங், எரியுதுங்."

நல்ல அலறல். பாப்பாத்தியின் முட்டைக் கூடை கீழே விழுந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறுச்சாமி தன் வண்டியிலும் அதே பொய் விளக்குதான் என்று சொன்னாரே. காலையில் சும்மா இருந்த அந்த வண்டி வெயில் ஏறியதும் பிடிக்கிறதென்றால்? தங்கள் வண்டிகள் யார் உள்ளங்கையையும் பதிந்து வைத்ததில்லை. பிடிப்பதென்றால் முதலில் உடையவரைத்தான் பிடிக்கும்.

போலீஸ்காரம்மா வந்து, இருந்த ஒரே புட்டி விடுப்பு நீரையும் கதவில் தெளித்தார். கை விட்டது. விடாமல் என்ன செய்யும். "உங்கள மாதிரி ஆளுக நாலு பேரு இருந்தாப் போதும்," என்று அவனைப் பாராட்டிவிட்டுப் போனார். நிலையத்திலிருந்து இன்னொரு புட்டி கொண்டுவரச் சொல்லிக் கேட்க யாருக்கும் துணிவில்லை. கேட்டால், உங்க வண்டி உங்க கையையே ஏன் புடிக்குது என்று திருப்பிக் கேட்பார்.

சந்தை கலைந்தது. பத்தொன்பது பேர் தங்கள் வண்டியைத் தொட்டு, ஏறி, போனார்கள். நாற்பது பேர் தங்கள் வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டியபடி நின்றார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒரு சோடா குடித்துக்கொண்டே அவர்களை எண்ணினான். எது பொய் விளக்கு என்று இனி அவன் தேட வேண்டியதில்லை. பிறகு செங்கோடனிடம் வந்தான்.

"ஏனுங்கண்ணா, வண்டி எடுக்கலீங்களா?"

"இல்ல தம்பி, கை கொஞ்சம் உளையுது."

"விடுப்புத் தண்ணி பட்ட கைய ராத்திரி வரைக்கும் எந்தப் பூச்சும் புடிக்காதுங். நான் வேணா ஊட்டுல கொண்டாந்து உட்றட்டுங்களா?"

சாவிகள் வந்தன. வரிசையில் நின்று கொடுத்தார்கள். பாப்பாத்தி தன் ஆட்டோ சாவியோடு உடையாத ஆறு முட்டைகளையும் கொடுத்தாள்.

புளியமரத்தடியில் ஆறுச்சாமி எழ முயன்றார். "பொய்," என்றார். "பொய்ங்க. எல்லாம் பொய்."

"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சு, பெனாத்தறாரு," என்றார் செங்கோடன்.

சட்டைக்காரன் குனிந்து அவர் தலையைத் தன் மடியில் தாங்கி, வாயில் சொட்டுச் சொட்டாகச் சோடா விட்டான். நிஜமான பரிவோடுதான் விட்டான். "பேசாதீங்ண்ணா. ஒடம்பப் பாத்துக்குங்."

சூரியன் சாய்வதற்குள் முப்பத்தொன்பது வண்டிகள் அவரவர் வாசலில் பத்திரமாக நின்றன. சொன்ன சொல் தவறாத ஆள். செங்கோடனின் லாரியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தான்.

மறுநாள் காலை, லாரியைக் காணோம் என்று செங்கோடன் போலீஸ் நிலையத்தில் நின்றார். அதே போலீஸ்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"லாரியில வெளக்கு எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சுதுங்."

"நெச வெளக்குத்தானுங்களே?"

செங்கோடன் திரும்பிப் பார்த்தார். வாசலில் பாப்பாத்தியும் இன்னும் சிலரும், கைகளைக் கட்டிக்கொண்டு, அவருடைய பதிலுக்காக நின்றிருந்தார்கள்.

"நெசந்தானுங்," என்றார்.

"அப்பறம் எதுக்குங்க கவலை? புடிச்ச கையோட வண்டிக்குப் பக்கத்துலயேதான் நின்னுட்டிருப்பான். எங்க போயிருவான்? அப்படி உக்காருங்க."

செங்கோடன் உட்கார்ந்தார்.