துரைக்கு முன் ஒரு வாய்

மிருக ஆஸ்பத்திரி மேஜையில் கிழட்டுப் பூனை துரை, கிட்னிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த பத்தியச் சாப்பாட்டை நக்கித் தள்ளினான். அதே டப்பா, அதே சாம்பல் நிறக் கூழ், அதே வேகாத ஈரல் வாடை. வீட்டில் நேற்றிலிருந்து தொடாமல் கிடந்தவன், டாக்டர் நீட்டிய கரண்டியை இரண்டு முன்னங்கால்களாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

"இவனா சாப்பிட மாட்டேங்குறான்?" டாக்டர் சிரித்தார்.

அவனைக் கூடையில் தூக்கி வந்தவளுக்கு மானமே போயிற்று. "வீட்டுல நான் கெஞ்சாத கெஞ்சல் இல்ல டாக்டர். துரைக்குத் தொண்டையில இறங்கவே மாட்டேங்குது."

"எப்படியாவது இறங்க வைங்க. மறுபடியும் மீன் கீன்னு ஆரம்பிச்சீங்கன்னா கிட்னி அவ்வளவுதான். பட்டினி கிடந்தா ஈரல் போயிடும். நாளைக்கும் சாப்பிடலேன்னா குழாய்தான் வைக்கணும், இந்த வயசுல அதைத் தாங்குவானான்னு சொல்ல முடியாது." அவர் துரையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இத்தனை நாள் மீன் தின்ன உடம்பாவும் தெரியலையே. மீன் வெச்சா தட்டு நிஜமாவே காலியாகுமா?"

"கழுவி வெச்ச மாதிரி காலியாகும்."

கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவள் பல் செட் செய்பவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, ஊரார் வாய்க்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுப்பது பிழைப்பு. இந்த வீட்டுக்கு வந்ததே அடுக்களை ஜன்னலோரம் வேலை மேஜை போட இடம் இருந்ததால்தான். புருஷனின் கத்தலுக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டுக்கொடுத்து, கையில் ஒரு பெட்டியும் கூடையில் துரையுமாக இறங்கி வந்தவள். இனி ஒரு வீட்டை எவனுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்திருந்தாள்.

மறுநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஓட்டில் விழும் தண்ணீரின் சலசலப்புக்குக் கீழே, வீட்டுச் சொந்தக்காரர் விட்டுப்போன பழைய ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையாத இடுக்கிலிருந்து, நனைந்த சாக்கு உலராமல் கிடப்பது போன்ற ஒரு முடை நாற்றம் விட்டு விட்டு வந்தது. அவள் தட்டில் கூழைக் கவிழ்த்து, கரண்டியால் சமப்படுத்தி, நடுத் தரையில் வைத்தாள்.

துரை வந்தான். தட்டுக்கு ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்துவிட்டான். வாலைக் காலோடு சுற்றிக்கொண்டு, காதுகளைப் பணிவாகப் பின்னால் சாய்த்து, பெரிய மனிதர் வீட்டுப் பந்தியில் அடுத்த வரிசைக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். கண் தட்டில் இல்லை. தட்டுக்கு மேலே, அவள் இடுப்பு உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா பார்க்குற? இங்க பாரு, தட்டு கீழ இருக்கு."

அடுப்பை அணைக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது கூழின் நடுவில் ஒரு கடி. ஒரே ஒரு வாய், அதையும் பக்கத்திலேயே துப்பியிருந்தது. துரை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

பல்வலி! ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடிக்கிறான், வலிக்கிறது, துப்புகிறான். ஊருக்கெல்லாம் பல் பார்ப்பவள் வீட்டுப் பூனைக்குச் சொத்தைப் பல்! எந்தப் பல் என்று தெரிந்தால் டாக்டரிடம் ஒரே பேச்சில் முடித்துவிடலாம். மாவைக் குழைத்துக் கடித்த பள்ளத்தில் ஊற்றினாள். அது இறுகும்போது வழக்கம்போலச் சூடேறியது. இறுகியதும் குழாயடியில் கூழைக் கழுவிவிட்டு, அச்சை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

பூனையின் முன்பல் அரிசி நொய் அளவுதான் இருக்கும்.

இதில், கோரைப்பற்களுக்கு நடுவே அவளுடைய நான்கு விரல்களும் அடங்கின. முன்பற்கள் வேர்வரை தேய்ந்திருந்தன. எத்தனையோ கிழவர்களின் வாயைப் பார்த்தவள் அவள். இப்படித் தேய எவ்வளவு காலம் மெல்ல வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கியது. பாதியில் நிறுத்திவிட்டாள். அச்சை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

அப்படியென்றால் இத்தனை நாள் மீனைத் தின்றது எது? துரைக்கு மிச்சம் மீதிதானா? அது இந்தக் கூழைத் துப்பிவிட்டதால்தான் அவன் தொடவில்லையா?

தங்கைக்குப் போன் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகுரல்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். அவனைத் தூக்கிக் கூடையில போட்டுக்கிட்டு இங்க வந்துடு. இப்பவே கிளம்பு."

"எதுக்கு? வாடகை குடுக்கறது நானு. என் பூனை என் வீட்டுலதான் சாப்பிடும்."

"இதுல என்னக்கா வீம்பு?"

"வீம்புதான். இதுகிட்டயும் பயந்து ஓடணுமா? போதும்டி. ஒரு தடவை ஓடினது போதும்." போனை வைத்துவிட்டாள்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி மேலே இருந்தது. அடுத்த டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டினாள். தட்டைத் தரையில் வைத்து, ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டி, இடுக்கிற்கும் தட்டுக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிடுடா, துரை. நான் இருக்கேன்."

துரை வரவில்லை. பசியில் எச்சில் ஒழுகியது. விலா எலும்பு ஏறி இறங்கியது. அப்படியும் வரவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தான்.

ஃப்ரிட்ஜ் முனகுவது நின்றது. மழைச் சத்தத்துக்குள் இன்னொரு மூச்சு. நிதானமானது. நீளமானது. சாக்கு நாற்றம் சூடாக வந்து காதோரம் தங்கியது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் வாசல். வாசல் தாண்டினால் தெரு.

"யாரு பெரியவங்களோ அவங்க முதல்ல சாப்பிடணும், அதானே உங்க வழக்கம்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த வீட்டுக்குப் பெரியவ நான்."

விரல்களால் கூழை அள்ளினாள். வாயில் போட்டாள். உப்பில்லை, உறைப்பில்லை. ஈரலும் சுண்ணாம்பும் கலந்த வழவழப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குமட்டியது. விழுங்கினாள். இன்னொரு வாய். அதையும் விழுங்கினாள். தட்டைத் துரையின் பக்கம் தள்ளினாள்.

"இப்ப வாடா."

துரை அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத்தான். எழுந்தான். தயங்கினான். வந்தான். தட்டில் வாய் வைத்தான்.

தின்றான். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, அவக் அவக்கென்று தின்றான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜெயித்துவிட்டாள். என் செல்லமே, ஜெயித்துவிட்டோம்.

பின்கழுத்தில் ஈரம் பட்டது.

சூடான, அகலமான, அரம் போலச் சொரசொரப்பான நாக்கு. கழுத்திலிருந்து உச்சிவரை, முடியை வழித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மேலேறியது. மறுபடியும் கீழே இறங்கி, மறுபடியும் மேலே. தாய் குட்டியை நக்குவது போல. கனமான ஒரு பாதம் தோளில் அமர்ந்து, அவள் அசையாதபடி அழுத்திக்கொண்டது.

கத்த வாயைத் திறந்தாள். துரையின் காது விறைத்தது. தலை லேசாக நிமிர்ந்தது.

பாதித் தட்டு மீதி இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு பற்கள். அவை கடிக்கவில்லை. பின்கழுத்துத் தோலை மட்டும் பதமாக, ஒரு கீறல்கூட இல்லாமல், கவ்வின. அவளுடைய கைகால்கள் சொன்னபேச்சு கேட்காமல் தாமாக மடங்கி வயிற்றோடு சேர்ந்துகொண்டன. தரை அவளுக்குக் கீழே விலகியது. முதுகு சுவரில் உரசியது. ஒரு கை நுழையாத இடுக்கின் விளிம்பு முதலில் ஒரு தோளை உள்ளே வாங்கியது. பிறகு மற்றதை.

"தின்னு," என்றாள் மெதுவாக, அவன் பயந்துவிடாதபடி. "எல்லாத்தையும் தின்னுடா."

துரை தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான்.