தலைக்கணக்கு

ஆத்தூரில் டீ குடித்து எல்லோரும் ஏறியதும், சுற்றுலா நடத்தும் மணிமாறன் முன்னிருந்து பின்வரை இருக்கைகளின் முதுகைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு போனார்.

"நாப்பத்தொண்ணு. சரியா இருக்குதுங்க. வண்டியை எடுங்கண்ணா."

சரியாக இருக்கக் கூடாது. அது அலெக்ஸுக்கு மட்டுமே தெரியும்.

கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கப் பிப்ரவரியிலேயே மூன்று பேருக்குப் பெயர் கொடுத்திருந்தான்: அவன், மனைவி வினோலியா, நாலு வயது மகள் செரின். மே மாதம் காய்ச்சலில் வினோலியா போய்விட்டாள். பெட்டியை மூடுமுன் மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். அவனுக்குக் கை வரவில்லை; மெட்டி அவளோடேயே போயிற்று. நாற்பத்தொரு பேர் பட்டியலில் அவள் பெயரை அடிக்கச் சொல்லவும் அப்படித்தான், வாய் வரவில்லை.

ஜன்னலோரம் செரின். இந்த ஓரம் அவன். நடுவில் காலி இருக்கை. வெயில் ஏற ஏற வண்டிக்குள் வியர்வையும் டீசலும் புளிசாதமுமாக நாறியது; அதற்கு அடியில், மெல்லியதாக, கடைசி வாரம் முழுக்க வினோலியாவின் நெற்றியில் அவன் தேய்த்த நீலகிரித் தைலத்தின் வாடை. நடு இருக்கையில் கை வைத்தான். ரெக்ஸின் ஈரமாக, குளிர்ந்து கிடந்தது.

பிற்பகலில் சோழபுரத்தில் இறங்கியபோது கோயிலின் நிழல் புல்தரையில் நீண்டு கிடந்தது. செரின் நந்தியைச் சுற்றி ஓடினாள். சிங்கக் கிணற்றுப் படியில் மட்டும் இறங்க மாட்டேன் என்று அழுதாள். திரும்பி வந்து ஏறினார்கள். மறுபடி நாற்பத்தொன்று.

"முகம் பாத்து எண்ணுனீங்களா?" என்று மணிமாறனைக் கேட்டான் அலெக்ஸ்.

"முகத்தை யாருங்க பாக்கறா? தலை பட்டியலோட பொருந்துனா வண்டி கெளம்பும். இந்தக் கோயிலைக் கட்டுன ராசா படையையும் இப்படித்தான் எண்ணிக் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலெக்ஸ் பட்டியலைக் காட்டினான்.

"வினோலியாங்கற பேரை அடிச்சிருங்க. என் சம்சாரம். இறந்து மூணு மாசமாச்சு."

அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மணிமாறனின் முகம் சுண்டிவிட்டது. பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.

"மன்னிச்சுக்குங்க சாமி. அப்ப இனி நாப்பதுங்க."

கடைசியாக மாளிகைமேடு. கங்கை வரை போய் வந்த ராஜாவின் அரண்மனை முழங்கால் உயரச் செங்கல் வரிசைகளாக, தோண்டிய குழிகளாகக் கிடந்தது. பொழுது சாய்ந்தது. செங்கற்களைப் பார்த்தபடி அலெக்ஸ் எவ்வளவு நேரம் நின்றானோ. வண்டியின் ஹாரன் கேட்டுத் திரும்பினான். பக்கத்தில் செரின் இல்லை.

குழி குழியாகப் பார்த்தான். கூப்பிட்டான். வண்டிக்கு ஓடினான்.

"பாப்பா அப்பவே ஏறிருச்சுங்களே," என்றாள் முன்வரிசைச் சரிதா. "போர்வைக்குள்ள படுத்துத் தூங்குது பாருங்க."

ஜன்னலோரம் போர்வை சுருண்டிருந்தது. மூச்சில் ஏறி இறங்கியது. எழுப்பாமல் உட்கார்ந்தான்.

மணிமாறன் தட்டிக்கொண்டே வந்தார். இந்த முறை இரண்டு தரம் எண்ணினார்.

"நாப்பது. சரியா இருக்குதுங்க."

வண்டி கிளம்பியது. இருட்டியது. ஊர்கள் போயின. நடு இருக்கையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. வாடை மட்டும் போகவில்லை. தலைவாசல் தாண்டும்போது இன்னும் கூடியது.

ஜன்னல் பக்கமிருந்து வந்தது.

போர்வையைப் பார்த்தான். நாலு வயதுக்கு அது பெரிய சுருள்.

நாற்பத்தொன்றில் ஒன்று போனால் நாற்பது. யார் போனது என்று பட்டியல் கேட்பதில்லை.

"செரின்."

மூச்சு நின்றது.

போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேடினான். கிடைத்தது. குளிர்ந்திருந்தது. அவன் கையளவு நீளம்.

விரலில் மெட்டி.