பத்தாம் நம்பர் செருப்பு

ஓசூரில் புருஷன் இல்லாத பொம்பளைக்கு வேலை கிடைத்துவிடும், வீடுதான் கிடைக்காது. ஜோதிமணி இரண்டு வாரத்தில் பதினோரு வீடு பார்த்தாள். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி, வீட்டுக்காரர் வரவில்லையா என்று. கம்பெனி ஹாஸ்டலில் கட்டில் இருந்தது, ஐந்து வயது மகள் ப்ரியாவுக்கு அனுமதி இல்லை. புருஷன் மாதேஷ் தன்னை அடித்த வரைக்கும் ஜோதிமணி பொறுத்துக்கொண்டாள். மகள் மேல் கை வைத்த அன்று காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறிவிட்டாள். திரும்பிப் போனால் பிள்ளை மிஞ்சாது.

பன்னிரண்டாவது வீட்டைக் காட்டியவள், கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் நிற்கும் அஃப்ஸானா. சிப்காட்டுக்குப் பின்னால், எட்டு அறைகளை ஒட்டிக் கட்டிய வரிசையில் கடைசி அறை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. மூடிக் கிடந்த அறையில் யாரோ இப்போதுதான் பீடி பிடித்துவிட்டுப் போனது போல ஒரு வாடை. வீட்டு ஓனர் திம்மப்பனிடம், புருஷனுக்கு நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூங்குவார் என்று ஜோதிமணி புளுகினாள். அவர் சாவியை நீட்டிவிட்டார்.

"ஒரு ஆம்பளை செருப்பு வாங்கி வாசல்ல போட்டு வை அக்கா. தனியா இருக்கறவங்க எல்லாரும் இங்க அதான் செய்றாங்க. செருப்பு கெடந்தா ஒருத்தனும் கதவத் தட்ட மாட்டான்," என்றாள் அஃப்ஸானா.

அறையின் மேல் பரணைத் துடைத்தபோது ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. பத்தாம் நம்பர், தேய்ந்த ரப்பர், வலது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. இருக்கிறதை விட்டுவிட்டு எதற்குப் புதுசு என்று அதையே எடுத்து வாசலில் போட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து அறை பார்வதி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் அந்தக் கடைசி அறையில் இருந்தவளும் ஒரு பிள்ளையோடுதான் வந்தாளாம். அவள் புருஷனை யாரும் பார்த்ததில்லையாம், வாசலில் செருப்பு மட்டும் கிடக்குமாம்.

"அப்பறம் ஒரு நாள் அவளயும் காணோம், புள்ளயயும் காணோம். துணிமணி எல்லாம் அப்படியே இருந்துச்சு," என்றாள் பார்வதி.

காலி செய்துவிடலாமா என்று ஜோதிமணி செருப்பைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் பதின்மூன்றாவது வீடு எங்கே இருக்கிறது?

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம் மாதேஷ் வந்தான். கம்பெனி பஸ்ஸின் பின்னாலேயே பைக்கில் வந்திருக்கிறான். ஜன்னல் இடுக்கில் அவன் சட்டையைப் பார்த்ததும் ஜோதிமணி தாழ்ப்பாளைப் போட்டு, ப்ரியாவின் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். கதவில் அவன் கை விழுந்தது. அப்புறம் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

"உள்ள எவன்டி?"



இருமல் சத்தம் கேட்டது.

கட்டையான ஆம்பளை இருமல். அறைக்குள்ளே இருந்து. அவளுக்குப் பின்னால் இருந்து.

மாதேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொம்பளையிடம் மட்டும் வீரம் காட்டுகிற ஜென்மம், வேறென்ன செய்யும். ஜோதிமணி மெல்லத் திரும்பினாள். வெறும் சுவர். பீடி வாடை.

விடிந்ததும் செருப்பைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டாள். ஷிப்ட் முடிந்து, பார்வதியிடம் விட்டிருந்த ப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அது வாசலில் இருந்தது. மழையே இல்லாத நாளில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. அஃப்ஸானாவுக்குப் போன் போட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். இரண்டு பையைக் கட்டி, ப்ரியாவை அதன் மேல் உட்கார வைத்துவிட்டு, வரிசையின் முதல் வீட்டில் இருந்த திம்மப்பனிடம் காலி செய்வதைச் சொல்ல ஓடினாள்.

அவர் வெற்றிலையை மென்றபடி கையை ஆட்டினார்.

"இப்பதானம்மா உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரு. நாங்க எங்கயும் போறதில்லன்னு சொன்னாரே."

"மாதேஷா? பைக்ல வந்தாரா?"

"நடந்துதான் வந்தாரு. ஊக்கு குத்துன செருப்பு. புதுசா ஒண்ணு வாங்கிக் குடும்மா, பாவம்."

அவள் ஓடினாள். திறந்து வைத்துவிட்டு வந்த கதவு சாத்தியிருந்தது. வாசலில் செருப்பு இல்லை. தள்ளிப் பார்த்தாள், உள்தாழ்ப்பாள். ப்ரியாவுக்கு எட்டாத உயரம் அது. மகளின் பேரைச் சொல்லி இரண்டு கையாலும் அடித்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே பாய்ந்தாள்.

கதவருகே யாரும் இல்லை. ப்ரியா எதிர்ச் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிய பைகள் பிரிந்து கிடந்தன, துணியெல்லாம் மறுபடி கொடியில் தொங்கியது. கதவுக்கு உள்பக்கம், ப்ரியாவின் குட்டிச் செருப்புக்குப் பக்கத்தில், பத்தாம் நம்பர் ஜோடி ஒழுங்காக விடப்பட்டிருந்தது.

"அம்மா," ப்ரியா கிசுகிசுத்தாள். "இவரு அப்பா மாதிரி அடிக்க மாட்டாராம். வெளிய மட்டும் போவக் கூடாதாம்."

தெருமுனையில் அஃப்ஸானாவின் ஆட்டோ ஹாரன் அடித்தது. மகளை வாரி எடுத்துக்கொண்டு ஜோதிமணி திரும்பினாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மேலே தாழ்ப்பாள் விழுந்தது.