முள் சாய்ந்த பக்கம்

உலகச் சதுரங்கப் பேரவையில் எந்த வழக்கு வந்தாலும் நடுவர்கள் முதலில் சாய்வுமானியைப் பிடித்தாக வேண்டும். கைக்குள் அடங்கும் செம்புக் குண்டு அது. வரக்கூடிய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்கள். எதைக் கேட்டு உடம்பு உள்ளூர நிம்மதியடைகிறது, எதைக் கேட்டுப் பதறுகிறது என்பதை உள்ளங்கைத் தோலிலிருந்தே கண்டுபிடித்துத் திரையில் முள்ளாகக் காட்டிவிடும். முள் எந்தப் பக்கம் அசைந்தாலும் நடுவர் எழுந்து போக வேண்டியதுதான். மச்சான் உறவு, கம்பெனிப் பங்கு, சொந்த நாடு, எதுவும் அதனிடம் பலிக்காது.

பேரவையின் பெருந்தலைகளோடு மல்லுக்கட்டி இந்த விதியைக் கொண்டுவந்தவர் தலைமை நடுவர் மங்கையர்க்கரசி. பாளையங்கோட்டைக்காரர் என்றால் சும்மாவா! சாய்வுமானி வருவதற்கு முன்பே அவர் பெயர் பிரபலம். மாமா பேரவைப் பதவியில் இருக்கும்போது மருமகன் எப்படி ஆடலாம் என்று கேட்டு, காரைக்குடி வயிரவனுக்கு ஆயுள்தடை போட்டவர் அவர். சொந்த நாட்டுக்காரனையே விடாத அம்மா என்று உலகமே கொண்டாடியது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

இன்று நாமக்கல் யாழிசையின் முறையீடு. உலகப் பட்டம் வென்ற பெண். அவளுடைய பயிற்சியாளர் பேரவைக் குழு ஒன்றில் இருந்தவர் என்று பட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பதவியை விட்ட பிறகுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்கிறாள் அவள்.

"எம்மா, ஊரே டிவில பாத்துக்கிட்டு இருக்கு" என்றான் சாய்வுமானியை இயக்கும் தூத்துக்குடி அல்போன்ஸ்.

"பாக்கட்டும்யா. நம்ம ஊருப் புள்ளன்னு எங்கிட்ட எந்தச் சலுகையும் கெடையாது."

மங்கையர்க்கரசி குண்டைப் பிடித்தார். "முறையீடு ஏற்கப்படுகிறது" என்று வாசித்தார்கள். முள் வெடுக்கென்று துள்ளியது. "முறையீடு தள்ளுபடி" என்றதும் அமைதியாகப் படுத்துக்கொண்டது.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. சாய்வு யாழிசைக்கு எதிராக அல்லவா இருக்கிறது!

"மிஷின் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நா மாத்தி வச்சுருதேன்" என்று அல்போன்ஸ் காதோரம் கெஞ்சினான்.

"சும்மா கெட. அது சரியாத்தான் சொல்லுது." ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "இந்தப் புள்ள செயிச்சா, சொந்த நாட்டுக்காரிக்கு விட்டுக்குடுத்துட்டான்னு எம் பேரு கெட்டுரும். அந்தப் பயந்தான் முள்ளுல தெரியுது. நா வெளிய போறேன்."

தலை நிமிர்ந்து வெளியேறினார். மற்ற நடுவர்கள் ஆவணங்களைப் பார்த்து யாழிசைக்கே பட்டத்தைக் கொடுத்தார்கள். மங்கையர்க்கரசியின் நேர்மையை உலகம் முன்னைவிட அதிகமாகக் கொண்டாடித் தீர்த்தது. அவருக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது.

ஆனால் வயிரவன் மனதை விட்டுப் போகவில்லை. அன்று சாய்வுமானி இல்லை. இருந்திருந்தால் முள் எங்கே நின்றிருக்கும்? அந்த மாமா மருமகனுக்காக ஒரு துரும்பைக்கூட அசைத்ததில்லை, அது மங்கையர்க்கரசிக்கு அப்போதே தெரியும். தெரிந்தும்தான் தடை போட்டார். தன் தீர்ப்பைத் தானே மாற்ற விதியில் இடமில்லை. ஆகவே தன் மேலேயே புகார் கொடுத்தார். தகவல் அறிந்து வயிரவனும் காரைக்குடியிலிருந்து வந்து சேர்ந்தான். ஆடிப் பல வருஷமாகிவிட்ட அவன் விரல்கள் மேசை விளிம்பைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தன.

நடுவர்களைச் சோதித்துவிட்டு அல்போன்ஸ் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தான்.

"எம்மா! ஒருத்தர் பாக்கியில்ல. உங்க மேல தப்புன்னு வாசிச்சாலே எல்லாருக்கும் முள்ளு துள்ளுது. வெளிநாட்டுலேருந்து புதுசா கூட்டியாந்தவங்களுக்கும் அப்படித்தான். உங்க மேல அம்புட்டு மரியாத!"

மங்கையர்க்கரசிக்கு நெஞ்சு விம்மியது. கண் நிறைந்தது. எத்தனை பேருக்கு இது வாய்க்கும்!

"ரொம்பச் சந்தோஷம் மேடம்" என்று வயிரவன் மரியாதையாக எழுந்து நின்றான். "அப்ப என் கேஸை யாருங்க விசாரிப்பா?"

விதியை எழுதியவர் அவர்தான்.